பிளஸ் டூ முடித்த பையனுக்கு 150 குதிரையா?

எனக்கு 17 வயது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் கார் ஓட்டலாமா? (ஆம்பூர்)

கூடாது தம்பி. 18 ஆகும்வரை காருக்கு எல்.எல்.ஆரே கிடையாது. 2019 சட்டத் திருத்தப்படி, மாட்டினால் அப்பாவுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், ஒரு வருஷத்துக்கு வண்டிப் பதிவு ரத்து, உனக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. இதை அப்பாவிடமும் காட்டு.

வண்டி இழுக்கவே மாட்டேங்குது, என்ன காரணம்? (ஆரணி)

எந்த வண்டி, பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்கணும்.

மகனுக்கு 18 முடிந்து லைசென்ஸ் வந்துவிட்டது. இன்ஜினியரிங் சீட் கிடைத்த சந்தோஷத்தில் 150 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் கார் வாங்கித் தரப்போகிறோம். நன்றாகவே ஓட்டுவான். எந்தக் கலர் எடுக்கலாம்? (குடியாத்தம்)

கலரா! வருஷா வருஷம் ரிசல்ட் வந்ததும் இப்படி நாலு கடிதமாவது வருகிறது, எல்லார் வீட்டுப் பையனும் "நன்றாகவே" ஓட்டுகிறான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் நாலு தெரு ஓட்டிக் காட்டி வாங்கிய லைசென்ஸ் அது. பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு லாரி இண்டிகேட்டர் போடாமல் நுழையப் போகிறது என்பதை, பத்து வருஷம் ஓட்டியவர் அதன் முன் சக்கரம் திரும்பும்போதே பிடித்துவிடுவார், உங்கள் பையனுக்கு லாரி ரோட்டுக்குள் வந்த பிறகுதான் தெரியும். 100-ல் போகிற கார் ஒரு செகண்டில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும், அதாவது கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே. 60-லிருந்து 120 ஆனால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. டர்போ வண்டி, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது தூங்கி, நிமிஷத்துக்கு 2,000 சுற்று (ஆர்.பி.எம்.) பக்கம் வந்ததும் சட்டென்று இழுக்கும், இருவழிச் சாலையில் பஸ்ஸை ஓவர்டேக் பண்ணும்போது அந்த இழுப்பு புதுக்காலுக்குப் பிடிபடாது. கூட மூன்று நண்பர்கள் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

80, 90 குதிரைத்திறன் போதும். மிச்சக் காசில் ஆறு ஏர்பேக், ஈ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் தானே பிடித்துக்கொள்ளும் அமைப்பு) இருக்கிற மாடலாகப் பாருங்கள். இரண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பெரிய வண்டி. முதல் வருஷம் ராத்திரி ஹைவே வேண்டாம், லைட் போடாமல் ஓரமாக நிற்கும் லாரிகள் அங்கே ஏராளம். பின் சீட்டிலும் பெல்ட், இதை எத்தனை தடவை எழுதினாலும் யாரும் போடுவதில்லை. ஆங், கலர்? வெள்ளை எடுங்கள், இருட்டில் மற்றவருக்குத் தெரியும்.

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்தால் 30 குதிரை கூடுமாமே? (காட்பாடி)

டர்போ வண்டியில் கூடும். பிரேக்கும் டயரும் பழசேதான். வாரண்டி போகும், க்ளெய்ம் நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரரோடு தகராறு வரும். லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.

ஏ.பி.எஸ். இருப்பதால் மழையிலும் வேகமாகப் போகலாம்தானே? (சத்துவாச்சாரி)

போகக் கூடாது. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும், அதனால் ஸ்டீயரிங் திரும்பும், அவ்வளவுதான். வழுவழுத்த டயருக்குப் பிடிப்பு கொடுக்காது. பெடல் அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியே பிடியுங்கள்.

ஏலகிரியிலிருந்து இறங்கும்போது கருகல் வாசனை வந்தது. (வாலாஜா)

பதினாலு கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது. வாசனை வந்தால் ஓரம்கட்டி அரைமணி ஆறவிடுங்கள், டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பின் சீட்டிலும் பெல்ட்!