பிங் போகிறது, கோப்பு போகவில்லை: எம்டியூ எங்கே இடிக்கிறது?

கேள்வி: இரண்டு கேவிஎம் ஹோஸ்டுகள் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் சர்வர்கள்) வைத்திருக்கிறேன். ஸ்டோரேஜ் வேகமாக இருக்கட்டும் என்று விஎம்களில் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 பைட் ஆக்கினேன். ஒரே ஹோஸ்டுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்த ஹோஸ்டில் உள்ள விஎம்முக்குப் பிங் போகிறது, இணைப்பும் கிடைக்கிறது. பெரிய கோப்பை அனுப்பினால் அப்படியே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் விஎம்களை 1500க்கே திருப்புங்கள், வேலை ஓடட்டும். பிறகு நிதானமாகத் தேடலாம்.

ஒரே ஹோஸ்டுக்குள் சரியாக இருக்கிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்தப் பாக்கெட்டுகள் பிரிட்ஜிலேயே (ஹோஸ்டுக்குள் விஎம்களை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) திரும்பிவிடுகின்றன. வெளியே போகும் வழியில்தான், ஹோஸ்டின் நெட்வொர்க் கார்டோ ஸ்விட்ச் போர்ட்டோ இன்னும் 1500இல் நிற்கிறது. சாதாரண பிங் மிகச் சிறியது, எதிலும் நுழைந்துவிடும். டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் தத்தம் எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்கும் அதிகபட்ச டேட்டா), உங்கள் விஷயத்தில் 8960 என்று, சொல்லிக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் இடுக்கு இருவருக்குமே தெரியாது. ரவுட்டராக இருந்தால் ‘பாக்கெட் பெரிது’ என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தி அனுப்பும். ஸ்விட்சும் பிரிட்ஜும் அப்படிச் சொல்வதில்லை, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இந்தக் கோளாறு ஆளை அலைக்கழிப்பது அதனால்தான்.

சோதனையை ஹோஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குச் செய்யுங்கள். லினக்ஸ் பிங்கில் ‘மைனஸ் எம் டூ (do), மைனஸ் எஸ் 8972’ என்று கொடுங்கள் (எம் மட்டும் பெரிய எழுத்து). முதலாவது பாக்கெட்டைத் துண்டாக்காதே என்பது, இரண்டாவது டேட்டா அளவு. ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் 9000. ‘செய்தி மிக நீளம்’ (message too long) என்ற பிழை உடனே வந்தால் அந்த ஹோஸ்டின் அளவே குறைவு. பதிலே வராமல், 1472க்கு (1500க்கான அளவு) மட்டும் பதில் வந்தால் ஸ்விட்சையும் எதிர் ஹோஸ்டையும் பாருங்கள்.

உயர்த்தும்போது வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: ஸ்விட்ச் (பலரும் 9216 வைப்பார்கள்), நெட்வொர்க் கார்டு, பாண்ட் (பல கார்டுகளை ஒன்றாக்கிய இணைப்பு) இருந்தால் அது, பிரிட்ஜ், டேப் (விஎம்மைப் பிரிட்ஜில் சேர்க்கும் மெய்நிகர் போர்ட்), கடைசியில் விஎம். குறைக்கும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. பிரிட்ஜில் ஒரு நுணுக்கம் உண்டு. அளவைக் கையால் குறிக்காத லினக்ஸ் பிரிட்ஜ், தன் போர்ட்டுகளில் மிகச் சிறியதன் அளவையே எடுத்துக்கொள்ளும். விஎக்ஸ்லேன் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் முறை) பயன்படுத்தினால் ஐபிவி4இல் 50 பைட் அதற்கே போய்விடும், விஎம்முக்கு 8950தான்.

எல்லா விஎம்முக்கும் 9000 தேவையில்லை என்பது என் கருத்து. ஸ்டோரேஜுக்குத் தனி விலேன் (ஒரே ஸ்விட்சில் பிரித்தெடுத்த தனி நெட்வொர்க்) ஒதுக்கி, அதிலுள்ள எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வையுங்கள்.

‘ஐபி லிங்க்’ கட்டளையில் மாற்றியது ரீபூட்டில் மறைந்துவிடும். அமைப்புக் கோப்பிலும் எழுதிவிட்டு, ஹோஸ்டுகளை ஒவ்வொன்றாக ரீபூட் செய்து அதே 8972 சோதனையை இருபுறமிருந்தும் திரும்பச் செய்யுங்கள்.