ஒன்பது வயசு மகளுக்கு இப்பவே சொல்ல வேணுமோ?

கிளிநொச்சியில இருந்து லண்டனுக்குப் புதுசா வந்த தங்கச்சி ஒராள், "மகளுக்கு 9 வயசு. பெரியபிள்ளை ஆகிறதைப் பற்றி எப்ப, எப்பிடிச் சொல்லுறது? பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுப்பினமோ?" எண்டு கேட்டிருக்கிறா.

இப்பவே தொடங்குங்கோ, தங்கச்சி. கூடுதலா 12 வயசளவில வரும், 8 வயசில வாற பிள்ளையளும் இருக்கினம். மார்பு அரும்பி ஏறக்குறைய 2 வருஷத்தில முதல் இரத்தம். அதுக்குச் சில மாசம் முந்தியே உள்ளுடுப்பில வெள்ளை படும். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில 2020 தொடக்கம் இது கட்டாயப் பாடம்தான், ஆனா புதுசா வந்த பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் விளங்கும்.

கூப்பிட்டு இருத்திப் பேசாதேங்கோ, பயந்திடும். ஒரு பேட்டைக் கையில குடுத்து, கடதாசியை உரிச்சு, சிறகு ரெண்டையும் வெளியால மடிச்சு ஒட்டப் பழக்குங்கோ. 3-4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். கொமேட்டுக்குள்ள போட்டால் அடைக்கும், சுத்திக் குப்பைக் கூடையில போடவேணும். முதல்முறை மண்ணிறமாயும் படும். வயித்தால போட்டுதெண்டு நினைச்சுப் பிள்ளையள் உள்ளுடுப்பை ஒளிக்கிறது அதாலதான், நிறத்தையும் சொல்லி வையுங்கோ. ஒரு முறைக்குப் போறது மொத்தம் 1-5 மேசைக்கரண்டி இரத்தம்தான். புத்தகப்பையில 2 பேட்டும் ஒரு உள்ளுடுப்பும் இருக்கட்டும்.

உங்கட வயசுத் தாய்மாரில கனபேர் இடம்பெயர்வுக்குள்ளயும், யுத்தக் கடைசியில சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் முகாமிலயும் கிழிச்ச துணியோட பெரியபிள்ளை ஆனவை. அந்தப் பயம் குரலில வந்தால் பிள்ளைக்கும் ஒட்டும். அதால முதல் நீங்கள் தனிய ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ.

துடக்கெண்டு பள்ளிக்கூடத்தை மறிக்காதேங்கோ. 10 கிழமைக்குள்ள அனுமதியில்லாமல் 5 நாள் போகாட்டி தாய்க்கும் தகப்பனுக்கும் வேறவேறயாத் தண்டம் வரலாம்: ஆளுக்கு 80 பவுண், 21 நாளில கட்டாட்டி 160. தண்ணி வார்க்கிறதைச் சனி ஞாயிறிலயும் சாமத்திய வீட்டைப் பள்ளிக்கூட விடுமுறையிலயும் வையுங்கோ. உழுத்தங்களி தாராளமாக் குடுக்கலாம். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுக்கிறதெண்டால் சிவப்புச் சிங்க முத்திரை குத்தின முட்டையாப் பாருங்கோ, மற்றதுகளில கிருமிப் பயம்.

நோவுக்கு 16 வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அஸ்பிரின் குடுக்கவே கூடாது. பரசிட்டமோல், வயசுக்குரிய அளவில. முதல் 2 வருஷம் நாள் முன்பின்னாத்தான் வரும். 7 நாளுக்கு மேல இரத்தம் போனாலோ, மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைஞ்சாலோ ஜீபியிட்ட (உங்கட குடும்ப டொக்டரிட்ட) போங்கோ. நேரம் எடுக்கேக்கையே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு சொல்லுங்கோ, காசில்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதேங்கோ. வெக்கத்தில பாதியை விழுங்கிப்போடும்.