ஒஹாயோ 2023: இரண்டு ‘இஷ்யூ 1’

2023-இல் அமெரிக்க மாநிலமான ஒஹாயோவில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த ‘இஷ்யூ 1’ என்ற முன்மொழிவு தோற்றதாக ஒரு கட்டுரையும் ஜெயித்ததாக இன்னொன்றும் சொல்கின்றன, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். அந்த ஆண்டு ஒரே எண்ணில் இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. ஆகஸ்ட் 8 அன்று வந்தது, மாநில அரசியல் சாசனத்தைத் திருத்த இனி 60 சதவீத வாக்கு வேண்டும் என்றது, மக்கள் நிராகரித்துவிட்டார்கள். நவம்பர் 7-இல் வந்தது கருக்கலைப்பு உரிமைக்கான திருத்தம். சுமார் 57 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. கணக்கைப் பாருங்கள், ஆகஸ்டில் வந்தது ஜெயித்திருந்தால் இது தோற்றிருக்கும்! அடித்துப்பிடித்து ஆகஸ்டிலேயே தேர்தல் வைத்தது அதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம், அதே நவம்பரில் கஞ்சாவை அனுமதித்த ‘இஷ்யூ 2’ சாசனத் திருத்தம் அல்ல, சாதாரணச் சட்டம். அதைச் சட்டமன்றமே மாற்றலாம். தேடும்போது மாதத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.