காலைப் பதற்றம் குறைய எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

வேளச்சேரியில் வீடு, அம்பத்தூரில் வேலை, 4.30 மணிக்கே எழுந்தும் காலை முழுவதும் பதற்றமாக இருக்கிறது என்கிறீர்கள்.

4.30 மணிக்கென்று தனிப் புண்ணியம் எதுவும் இல்லை. இரவு 11.30-க்குப் படுப்பவருக்கு அது வெறும் தூக்கக் குறைவு. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் இருக்கும் உயிர்க்கடிகாரம், கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைத் தினமும் திருத்திக்கொள்கிறது. சென்னையில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40-க்கும் 6.35-க்கும் இடையில்தான். லண்டன்காரருக்கு வாய்க்காத வசதி! ஆகவே 6 மணியை ஒட்டி, ஞாயிறு உட்பட, ஒரே நேரத்தில் எழுந்து மொட்டைமாடியில் கால் மணி நேரம் நடங்கள். கைபேசி உள்ளேயே கிடக்கட்டும். விழித்த முதல் அரை, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் தானாகவே உயரும்; அப்போது அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் திறப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான்.

காலை ஃபில்டர் காபியை விடச் சொல்லமாட்டேன். சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? மாலைக் காபியை நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இஸ்திரி, காய் நறுக்குவது எல்லாம் இரவே முடியட்டும். சீக்கிரம் தூக்கம் வராத உடல்வாகு என்றால், படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னால் நகர்த்துங்கள்.