மருத்துவர் பேசாவிட்டால் வாய்ப்பு இல்லை என்று பொருளா?

கேள்வி: என் கணவருக்கு 32 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு (மார்புப் பகுதி, 5ஆவது எலும்பு மட்டம்) சக்கர நாற்காலியில் இருக்கிறார். விறைப்பு வருகிறது, ஆனால் விந்து வெளிவருவதில்லை. எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்துவிட்டோம். குழந்தையைப் பற்றி ஒருவர்கூடப் பேச்செடுக்கவில்லை. எங்களுக்கும் கேட்கக் கூச்சம். பேசாததையே பதிலாக எடுத்துக்கொள்வதா?

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் மருத்துவர்களான எங்கள் தரப்புக் கூச்சம்தான். அறுவை செய்தவர் எலும்பைப் பார்க்கிறார், மற்றொருவர் சிறுநீர்ப்பையைப் பார்க்கிறார்; இந்தப் பேச்சை இன்னொருவர் எடுப்பார் என்று இருவருமே விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். கதீட்டர், படுக்கைப் புண், மலச்சிக்கல் என்று அரை மணி நேரம் விளக்கி முடித்த பிறகு, நாற்காலியைக் கதவுவரை தள்ளிப்போன மனைவி திரும்பி நின்று, "இன்னொன்று கேட்கலாமா?" என்றார். நானே முதலில் எடுத்திருக்க வேண்டிய பேச்சு அது.

உங்கள் கணவருக்கு விரைகள் விந்தணுக்களை உற்பத்தி செய்துகொண்டுதான் இருக்கும். விந்தை வெளியே தள்ளும் அனிச்சைச் செயலுக்கு மூளையிலிருந்து வரும் தூண்டுதல்தான் அறுந்திருக்கிறது. இத்தகையவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். நீந்தும் திறன்தான் குறைவு. அந்தக் குறைவும் அடிபட்ட முதல் சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது, அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போவதில்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளை வீணாக்கிவிட்டோமே என்று வருந்தாதீர்கள். உங்கள் வயதுதான் கணக்கில் வரும். உங்களுக்கான பரிசோதனைகளையும் உடனே தொடங்குங்கள்.

முதலில் முயல வேண்டியது அதிர்வுக் கருவி. ஆணுறுப்பின் நுனியில் சில நிமிடங்கள் வைத்தால் கீழ்த் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் தூண்டப்பட்டு விந்து வெளிவரும். மார்பு 10ஆம் மட்டத்துக்கு மேல் பாதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது பலன் தருகிறது (எலும்புகளை மேலிருந்து கீழாக எண்ணுவதால், உங்கள் கணவரின் 5ஆம் மட்டம் இதற்கு மேலேதான் இருக்கிறது). இதற்கு மசியாவிட்டால் மின்தூண்டல், அதுவும் இல்லையென்றால் ஊசி மூலம் விரையிலிருந்தே விந்தணுவை எடுப்பது. சில இடங்களில் நேராக ஊசிக்குப் போய்விடுகிறார்கள். அதில் கிடைப்பது மிகச் சில விந்தணுக்கள் என்பதால், இக்ஸி முறையை (ஆய்வகத்தில் ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவது) தவிர வேறு வழி இருக்காது. அதிர்விலேயே நல்ல மாதிரி கிடைத்தால் கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் எளிய முறையே போதுமானதாக அமையலாம். "அதிர்வு முறையை ஏன் முதலில் முயலவில்லை?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கருவியை வாங்கி வீட்டில் நீங்களாகவே முயன்று பார்க்காதீர்கள். மார்பு 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இத்தகைய தூண்டுதலின்போது ரத்த அழுத்தம் திடீரென எகிறக்கூடும். தலை வெடிப்பதுபோல வலிக்கும், முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். அப்போது உடனே நிறுத்திவிட்டு நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். முதல் சில முறை மருத்துவமனையில், அழுத்தத்தை அளந்துகொண்டே செய்வார்கள். தேவைப்பட்டால் முன்கூட்டியே மாத்திரையும் தருவார்கள். விறைப்புக்காக சில்டெனாபில் போன்றவற்றை அவர் எடுத்துக்கொண்டால் அதை மறைக்காதீர்கள். அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்துகளோடு அது சேர்ந்தால் ஆபத்து.

சிறுநீர்த் தொற்று இருந்தால் அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு யூராலஜி மருத்துவரிடம், உள்ளே நுழைந்து அமர்ந்ததுமே, "எங்களுக்குக் குழந்தை வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கதவருகே போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

போகும் முன் ஒரு வாரம் அவருடைய ரத்த அழுத்தத்தை அளந்து தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்த மட்டத்தில் அடிபட்ட பலருக்கு மேல் அளவு வழக்கமாகவே 90, 100 என்றுதான் இருக்கும். அவரை முன்பின் பார்த்திராத மருத்துவருக்கு 135 என்பது சாதாரண எண்ணாகத் தெரியும். உங்கள் கணவருக்கோ அது எகிறிய அளவாக இருக்கலாம்.