பூமியைச் சுற்றிக் குருவிச் சத்தமா?

கேள்வி: செயற்கைக்கோள் பதிவு செய்த 'பூமியின் ஒலி' என்று ஒன்றைக் கேட்டேன். விடிகாலையில் குருவிகள் கத்துவது போலவே இருந்தது. அங்கேதான் காற்றே இல்லையே, சத்தம் எப்படி வரும்? சூரியப் புயலின்போது இது கூடுமாமே, நிஜமா?
- கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், அங்கே சத்தம் கிடையாது. ஆன்டெனா பிடித்தது மின்காந்த அலையை. அது நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் தடவை அதிர்கிறது, நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே அது வருவதால் நேரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலே குருவிச் சத்தமாகிவிடுகிறது. விஞ்ஞானிகள் வைத்த பெயரும் 'கோரஸ்'தான்.

இதற்கு ஒரு அக்கா உண்டு, பெயர் 'விசிலர்'. முதல் உலகப்போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க உட்கார்ந்த ஜெர்மானியர் பார்க்காசனின் காதில், உச்சத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் ஒரு விசில் விழுந்தது. அது எங்கோ வெட்டிய மின்னலின் அலை, பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்கு ஏறி மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது என்று 1953இல் விஞ்ஞானி ஸ்டோரி விளக்கினார். வழியில் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்கள், இருந்தால்தான் கீச்சுக் குரல் முந்தியும் கட்டைக் குரல் பிந்தியும் வந்து சேரும். விண்கலம் ஒன்றுகூட ஏறாத காலத்தில், ஒரு விசிலை வைத்தே அங்கே வெறும் வெற்றிடம் இல்லை என்று கண்டுபிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

சரி, சூரியனுக்கு வருவோம். சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்கள், புயலின்போது வேகமெடுத்து மோதும்போது, பூமியின் இரவுப் பக்கத்தில் வால்போல் நீண்டிருக்கும் காந்தப்புலம் இழுபட்டு அறுந்து மீண்டும் ஒட்டுகிறது, அந்த உதறலில் எலெக்ட்ரான்கள் பூமியை நோக்கிக் கொட்டுகின்றன. அவை கிழக்கே, விடியல் பக்கமாக நகர்ந்துகொண்டே கோரஸை எழுப்புகின்றன. ஆக, குருவிச் சத்தம் அதிகம் எழுவது நிஜமாகவே பூமியின் விடியல் பக்கத்தில்தான்!

இனிமையாக இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல, சுழலும் எலெக்ட்ரானை அதன் தாளத்திலேயே இந்த அலை தள்ளித் தள்ளி ஒளியின் வேகத்தை நெருங்க வைத்துவிடும். 2012 அக்டோபர் புயலில் இது நடந்ததை நாசாவின் இரட்டை வான் ஆலன் கலங்கள் பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைக்குள் இருந்தபடியே அளந்தன. இப்படி வேகம் பிடித்த எலெக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் தகடுகளைத் துளைத்து உள்ளே மின்னூட்டமாகத் தேங்கும், ஒருநாள் மின்பொறி வெடிக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் இ1, இ2 செயற்கைக்கோள்கள் இரண்டும் இப்படித்தான் நிலைகுலைந்தன. இ1 சில மணி நேரத்தில் மீண்டது, இ2வை மீட்க மாதக்கணக்கானது.

தென்காசியில் நின்று கோரஸைக் கேட்க முடியாது, நீங்கள் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். ஆனால் மிகக்குறைந்த அதிர்வெண் ரிசீவர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கரண்ட் கம்பிகளின் இரைச்சல் எட்டாத வெளிக்கு இரவில் போய் நின்றால், தொலைதூர மின்னல்கள் 'ட்வீக்', 'ட்வீக்' என்று சொட்டுவது கேட்கும்.