பேசும் பொம்மையும் பேசாத தந்தையும்

கேள்வி: வீடியோ கேசட் காலத்தில் வெளிவந்து, அதிகம் பேசப்படாமல் போன உளவியல் திகில் படம் ஒன்றைச் சொல்லுங்கள். பேய், பிசாசு வேண்டாம்.

பதில்: கனடாவில் எடுக்கப்பட்டு 1988-இல் வெளிவந்த 'பின்' என்ற படத்தைத் தயங்காமல் சொல்வேன். ஆண்ட்ரூ நீடர்மன் எழுதிய நாவலைத் தழுவிச் சாண்டர் ஸ்டெர்ன் இதை இயக்கினார். மருத்துவர் லிண்டன் தம் மருத்துவ அறையில், உடலின் உள்ளமைப்பு வெளியே தெரியும்படி செய்யப்பட்ட ஆளுயரப் பொம்மை ஒன்றை வைத்திருக்கிறார். சிறுவர் கதையில் வரும் மரப்பொம்மையான பினோக்கியோவின் பெயர்ச் சுருக்கமாக அதற்குப் 'பின்' என்று பெயர். சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் பயத்தைப் போக்கவும், தம் மக்களான லியோனுக்கும் அர்சுலாவுக்கும் உடலைப் பற்றிக் கற்பிக்கவும், பொம்மையே பேசுவதுபோல அவர் உதட்டை அசைக்காமல் பேசுவார். வளர்ந்த பிறகு அர்சுலா அதைத் தந்தையின் வித்தை என்று அறிந்துகொள்கிறாள். லியோனால் மட்டும் அதை ஏற்க முடியவில்லை. பெற்றோர் கார் விபத்தில் இறந்ததும், அவன் அந்தப் பொம்மையை வீட்டுக்கே கொண்டுவந்து, தந்தையின் உடையை அதற்கு உடுத்தி, குடும்பத்தில் ஒருவராகவே நடத்தத் தொடங்குகிறான்.

கேள்வி: பொம்மைக்கு உயிர் இருக்கிறதா என்ற சந்தேகத்தால்தான் அந்தப் படம் பயமுறுத்துகிறதா?

பதில்: அந்தச் சந்தேகம் சிறிது நேரம்தான் நிற்கும். தந்தை போன பிறகு பொம்மையின் குரல் லியோனிடமிருந்தே வருகிறது என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. உண்மையான அச்சம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். தூசிக்கு அஞ்சும் தாய் சோபாக்களைப் பிளாஸ்டிக் உறையிட்டு மூடி வைத்திருக்கிறாள். தந்தையோ கண்டிப்பைத் தவிர வேறெதையும் தம் வாயால் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை. அவர்களிடம் பொறுமையாக, கனிவாகப் பேசிய ஒரே குரல் பொம்மையின் குரல். நேரில் காட்டத் தெரியாத அன்பை ஒரு தந்தை பிளாஸ்டிக் உருவத்தின் வாயில் வைத்தால், மகன் அந்த உருவத்தைத்தானே தந்தையாகக் கொள்வான்? பள்ளிப் பருவத்திலேயே கருவுற்ற மகளுக்குத் தந்தை தாமே கருக்கலைப்புச் செய்யும் காட்சி ஒன்று உண்டு. டெர்ரி ஓ'குவின் அந்த மருத்துவரை எந்தக் கொந்தளிப்பும் இல்லாமல், அன்றாட வேலையைப் பார்ப்பவர் போல நடித்திருக்கிறார். எத்தனையோ திகில் படங்களில் கண்ட இரத்தம் மறந்துபோயிற்று. அந்த நிதானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

லியோனாக நடித்த டேவிட் ஹியூலெட்டையும் சொல்ல வேண்டும். தங்கையைக் காதலிக்கும் ஸ்டான் வீட்டுக்கு வரும்போது, லியோன் தான் எழுதிய நீண்ட கவிதையை வாசித்துக் காட்டுகிறான். அவன் மனத்தின் இருட்டு முழுவதும் அந்த வரிகளில் வெளிப்பட, கேட்பவர்கள் நெளிகிறார்கள். அவன் அப்போதும் நம்மிடம் வெறுப்பைவிட இரக்கத்தையே அதிகம் எழுப்புகிறான். பொம்மைக்குக் குரல் கொடுத்தவர் ஜோனதன் பாங்க்ஸ். எத்தகைய கொடிய சொல்லையும் அமைதியாகவே சொல்லும் குரல் அது.

கேள்வி: பிறகு ஏன் அது கவனிக்கப்படவில்லை?

பதில்: அமெரிக்காவில் அது 1989-இல் நேரடியாக வீடியோ கேசட்டாகவே வெளிவந்தது. 1988 நவம்பரில்தான் கத்தி ஏந்திய கொலைகாரப் பொம்மையைக் காட்டிய 'சைல்ட்ஸ் ப்ளே' அங்கே திரையரங்குகளை நிறைத்திருந்தது. பொம்மைப் படம் என்றாலே துரத்தலையும் வெட்டுக்குத்தையும் எதிர்பார்த்தவர்களுக்கு, ஒரு வீட்டுக்குள் மெல்ல மெல்ல இறுகும் இந்தக் கதை ஏமாற்றமளித்திருக்கும் என்றே எண்ணுகிறேன். பெரிய நட்சத்திரங்களோ பெரும் செலவோ இல்லாத படத்துக்கு, திரும்பிப் பார்க்க வைக்கும் விளம்பரமும் இல்லை.

இது வயது வந்தவர்களுக்கான படம். குழந்தைகளை உடன் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பார்த்து முடித்ததும், தொடக்கத்தில் சிறுவர்கள் அண்ணாந்து பார்க்கும், மாடி ஜன்னலோரம் அசையாமல் அமர்ந்திருக்கும் அந்த உருவத்துக்கு மட்டும் ஒருமுறை திரும்பிச் செல்லுங்கள்.